முகடு யார் பங்கு

கொம்பையா ஆசாரி ஏணியில் நின்று
சுத்தியலைத் திருப்பிப் பிடித்து
கைமரங்களை ஒவ்வொன்றாகத் தட்டினார்.
டங் என்றால் மரம் இருக்கிறது.
பொத் என்றால் செல்.
பதினொன்றில் ஏழு பொத்.

"இந்த மழை தாங்கும்மா.
அடுத்த ஐப்பசிக்கு நான் ஜவாப்தாரி இல்ல"
என்று இறங்கியவர்
தலையில் ஒட்டடையோடு டீ குடித்தார்.

பீடிக் கம்பெனி பாஸ்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்
எழுத ஆரம்பித்தேன்.
கைமரம், ரீப்பர், ஓடு அறுநூறு,
லாரி வாடகை, கூலி,
ஆசாரிக்கும் கையாளுக்கும் மூன்று நாள் மத்தியானச் சாப்பாடு.
எழுபதாயிரம்.
ஆயிரம் பீடிக்கு இருநூற்று எண்பது.
ஆக, என் தலைக்கு மேல்
இரண்டரை லட்சம் பீடி.

நாளொன்றுக்கு எண்ணூறு சுற்றுகிறேன்.
சோறு தின்னாமல், கரண்டு பில் கட்டாமல்,
எந்தச் சடங்குக்கும் மொய் எழுதாமல் சுற்றினால்
முந்நூற்றுப் பன்னிரண்டரை நாள்.
அந்த அரை நாளில் படுத்துத் தூங்கலாம்.

தகரம் போட்டால் பாதிதான் ஆகும் என்கிறார் இவர்.
சித்திரை மாசம், முக்கூடல் வெயிலில்,
தகரத்துக்கு அடியில், முறத்தை மடியில் வைத்து
ஒரு கட்டு இவர் சுற்றிக் காட்டட்டும்.
நனைத்த இலை பத்து நிமிஷத்தில் அப்பளம்.
காங்கிரீட் என்றும் ஒரு வரி எழுதினேன்.
சைபர்களை எண்ணிவிட்டு அடித்தேன்.
சும்மா இருந்தால் செலவில்லை என்றும் சொல்ல முடியாது.
போன வாரம் சொட்டு விழுந்து
தூள் நமுத்து, கம்பெனியில் கழித்த பீடி நூற்று நாற்பது.
அதையும் எழுதினேன், சிவப்பில்.

மறுநாள் ஆசாரியிடம்
எங்கள் சரிவை மட்டும் மாற்றினால் போதும் என்றேன்.
அவர் இரண்டு உள்ளங்கைகளையும்
விரல் நுனி முட்ட, கூம்பாக வைத்துக் காட்டினார்.
"இப்படித்தாம்மா நிக்கு.
இதை எடுத்தா அது படுத்துரும்."
ஒரு கையை எடுத்தார்.
மற்றது படுத்தது.

பாகப் பத்திரத்தில் எல்லாம் இருக்கிறது.
மேற்குச் சரிவு மூத்தவருக்கு, கிழக்கு இளையவருக்கு,
நடுச்சுவர் பொது,
கிணறு ஒரு நாள் விட்டு ஒரு நாள்,
முருங்கையில் எந்தக் கொப்பு யாருக்கு என்பது வரை.
முகடு யார் பங்கு என்று மட்டும்
எழுதினவர் கேட்கவில்லை.
சொல்லுகிற மாதிரி நாங்களும் அன்றைக்கு இல்லை.

கிழக்கு வீடு நாலு வருஷமாகப் பூட்டு.
கொழுந்தன் பலவேசம் திருப்பூரில்.
இவர் போன் பண்ண மாட்டார்.
இலையை ஈரச்சாக்கில் சுற்றி வைத்துவிட்டு
நான் பண்ணினேன்.

முதலில் மெஷின் சத்தம்.
பிறகு, "சொல்லுங்க மதினி."
ஆசாரியின் கையைப் போனில் எப்படிக் காட்ட?
எழுபது எழுபதாயிரம் என்று மட்டும் சொன்னேன்.
"எம் பக்கம் ஒழுகுதா?"
"பூட்டிக் கெடக்க வீட்டை நான் எங்க பாக்க?
ராத்திரி சுவர் வழியா கேக்கும்.
எங்க பக்கம் குண்டான்ல விழுது.
ஒங்க பக்கம் தரையில."

மெஷின் எப்போது நின்றதென்று தெரியவில்லை.
"அந்தக் கட்டில் அங்கதான் கெடக்கு" என்றார்,
என்னிடமா, தனக்கா.
அப்புறம், "பாப்போம் மதினி."

வரவுப் பக்கத்தில் அவர் பெயருக்கு நேரே,
தொகை எழுத வேண்டிய கட்டத்தில்,
பென்சிலால் எழுதினேன்: பாப்போம்.

கம்மல் சொசைட்டிக்குப் போனது.
ஆசாரி அட்வான்ஸ் ஐயாயிரத்தை எண்ணி மடியில் செருகி
பங்குனியில் ஆரம்பிக்கலாம் என்றார்.
மரக்கடையில் சொல்லி வைக்கணுமே,
கைமரம் எத்தனை என்று கேட்டார்.

இருபத்திரண்டு என்றேன்.